மூன்றாவது லெவலில் ஒரு பள்ளம்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று பகல் முழுக்கக் கயிற்றுப் பாலத்தில் நடந்தேன். எங்கள் அலுவலகத்தில் தயாராகிவரும் விளையாட்டு. ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் நாற்புறமும் மலை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பாலம், கீழே பள்ளம். உடைந்த பலகைகளைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டால் அடுத்த லெவல். அதில் எங்கே என்ன பிசகு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கை பாறைக்குள் புகுந்துவிடுகிறதா, கயிறு எதிலும் கட்டாமல் தொங்குகிறதா, கழுகு பின்பக்கமாகப் பறக்கிறதா. ஒரே பாலத்தைத் திரும்பத் திரும்பக் கடந்தால் அது பாலமாக இருப்பதில்லை, ஆபீஸ் வராந்தா மாதிரி ஆகிவிடுகிறது.

மற்றவர்களால் இருபது நிமிடத்துக்கு மேல் முடியாது. காட்சிகளுக்கு நிரல் எழுதும் நிலோஃபரே தான் எழுதியதைப் பார்க்க இஞ்சி மிட்டாயைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் ஹெட்செட்டைத் தொடுவாள். எனக்கு ஒன்றும் செய்வதில்லை. காலையில் மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுகிறேன். எங்கள் முதலாளி ஹரீஷ் புதிதாக வருபவர்களிடம் என்னைக் காட்டி, "தாமரைக்கு இரும்பு வயிறு" என்பார். நெற்றியிலும் கன்னத்திலும் ஹெட்செட் பதிந்த தடம் வீடு வந்து சேர்ந்த பிறகும் போவதில்லை. பஸ்ஸில் எதிரே இருந்த குழந்தை அதையே பார்த்துக்கொண்டு வந்தது.

காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். களைப்பு.

ஆகஸ்ட் 10, சனி

இளங்கோ இந்த வாரமும் வரவில்லை. ஆடிட்டாம். ஓசூரில் வேலை கிடைத்தபோது வாரா வாரம் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். போன முறை வந்தபோது பெரிய குக்கரை எடுத்துப்போனார். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். நல்லதுதான்.

"ஒரு ஆளுக்கு அஞ்சு லிட்டர் குக்கர் எதுக்கு கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

ஆபீஸ் நண்பர்கள் வருவார்களாக இருக்கும் என்றேன். அத்தை தன் மகனைப் பற்றி மருமகள் என்னிடம் கேட்பதும், நான் அவருக்குப் பதில் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் சின்னக் குக்கரே போதும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடுமுறையிலும் பார்த்து முடிக்கச் சொல்லி ஒரு ஹெட்செட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் சோபாவை ஒதுக்கி இடம் செய்துகொண்டேன். நான் காற்றில் கைகளை வீசிக்கொண்டு நடப்பதைப் பார்த்துப் பார்த்து அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் எதையாவது மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் லெவலைப் போட்டுவிட்டேன்.

மாட்டிய உடனே என் கையை இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்துவிட்டது.

"ஐயோ கண்ணு! எவ்வளவு ஆழம்! அடியே தெரியலயே!"

"அது படம்தான் அத்தை. தரையிலதான் நிக்கறீங்க."

"படம்ங்கற! கால வெச்சா நேரா உள்ள போயிடுவேன். அந்தக் கொப்பு பாரு, மூக்குல குத்தற மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது." முகத்துக்கு முன்னால் இல்லாத கிளையைக் கையால் ஒதுக்கினார். "எடு, எடு. எனக்கு வேணாம்."

கழற்றியதும் சோபாவில் சாய்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். "இதையா நீ நாள் பூரா பாக்கற? உனக்கு பயமே இல்லயா?"

வயதானால் எல்லாவற்றுக்கும் பயம் வந்துவிடும்போல. அந்தக் கிளையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாசல் காலண்டரில் அச்சடித்த கிளை எப்படி நீளுமோ அப்படித்தான் அது நீண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தண்ணீர் லாரி வரவில்லை. ஹரீஷ் வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேசிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது லெவல் தாமதமாகிறது. இளங்கோ போன் செய்தார். பின்னால் கார்ட்டூன் சத்தம். பக்கத்து வீட்டு டிவியாம். சுவர்கள் மெல்லியவை என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மூன்றாவது லெவல் வந்துவிட்டது. பாலத்துக்குக் கீழே ஓர் அருவி, அருவிக்குப் பின்னால் குகை. தண்ணீர் பளபளப்பதற்காக நிலோஃபர் ஏதோ புது முறையைப் போட்டிருக்கிறாளாம். அவளுக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக வரவில்லை. எனவே நான் மட்டும் பார்த்தேன். ஒரு பாறை நடுவில் மறைந்து திரும்ப வந்தது, அதைச் சரிசெய்தார்கள். மீண்டும் முழுதாகப் பார்த்தேன். வேறு பிசகு இல்லை. "சரி" என்று கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை ஒரு மாலில் பொதுமக்களுக்கு விளையாடிக் காட்டப்போகிறோம்.

ஆகஸ்ட் 24, சனி

கால் வலி. முதுகு வலி. இருந்தாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மாலில் இரண்டாவது மாடியில் எங்களுக்கு இடம். நான்கு பக்கமும் கயிறு கட்டி, நடுவில் விளையாடுபவரை நிறுத்தி, பக்கத்தில் நான் நிற்க வேண்டும். தடுமாறினால் பிடிப்பதற்கு. காலையில் முதல் இரண்டு லெவல்களைத்தான் போட்டோம். பிள்ளைகள் வரிசையில் நின்று விளையாடினார்கள். பிற்பகல் ஹரீஷ் வந்து மூன்றாவதைப் போடச் சொன்னார்.

முதலில் ஆடியது ஒரு கல்லூரிப் பெண். மாட்டிய கொஞ்ச நேரத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்குக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அடுத்து ஒரு மனிதர், ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பத்மநாபன் என்று அவர் மகள் எழுதிக் கொடுத்தாள். நல்ல உற்சாகத்தில் இருந்தார். பாலத்தில் இரண்டு அடி வைத்தார், நின்றார். "என்னம்மா இது, பள்ளம் மேல ஏறி வருது" என்றார். அடுத்த நொடி கைப்பிடிக் கயிற்றைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் காற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் சரிந்தார்.

நான் பிடிக்கப் போனேன். பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் விரல்கள் அவர் முழங்கைக்கு இந்தப் பக்கமே மூடிக்கொண்டன. அவர் கையை ஊன்றி விழுந்தார். சத்தம் கேட்டது.

மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். மகள் என்னைப் பார்த்து, "பக்கத்துலதானே நின்னீங்க?" என்றாள். ஆமாம், பக்கத்தில்தான் நின்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நிலோஃபர் காய்ச்சல் தெளிந்து வந்தாள். மூன்றாவது லெவலை மாட்டினாள். மாட்டிய வேகத்தில் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இத யார் ஓகே பண்ணது?"

"நான்தான்."

"அக்கா, விளையாடாதீங்க. எடக்கண்ணுக்குப் போக வேண்டிய படம் வலக்கண்ணுக்குப் போகுது. வலக்கண்ணுக்கானது எடக்கண்ணுக்குப் போகுது. ரெண்டும் மாறியிருக்கு. தூரத்துல இருக்கறது கிட்ட வருது, கிட்ட இருக்கறது உள்ள போகுது. பாத்தவுடனே கொமட்டும். இது எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

நான் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அருவி, பாறை, பாலம். வியாழக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவள் ஏதோ செய்துவிட்டு, "இப்ப சரி பண்ணிட்டேன், பாருங்க" என்றாள். அதுவும் அப்படியே இருந்தது. "இப்ப மறுபடி மாத்திட்டேன்" என்றாள். அதுவும்.

கழற்றியபோது நிலோஃபர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. மெதுவாகக் கேட்டாள், "அக்கா, உங்களுக்கு இதுல ஆழம் தெரியுமா?"

தெரியும் என்றேன். எல்லோருக்கும் தெரிவதுபோலத்தானே எனக்கும் தெரியும்?

ஆகஸ்ட் 29, வியாழன்

அரை நாள் விடுப்பு எடுத்துக் கண் டாக்டரிடம் போனேன். டாக்டர் ஜெயசீலி, நிலோஃபர் சொன்னவர். லேசான கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்க ஓர் ஈயின் படம்.

"அந்த ஈயோட றெக்கைய ரெண்டு விரலால புடிங்க."

தாளில் றெக்கை இருந்த இடத்தில் விரல்களை வைத்தேன்.

"தாளத் தொடுறீங்க. றெக்கைய புடிங்க."

"றெக்கை தாள்லதானே டாக்டர் இருக்கு?"

அவர் புத்தகத்தை மூடினார். மற்றவர்கள் அந்த றெக்கையைத் தாளுக்கு மேலே, காற்றில் பிடிப்பார்களாம். சின்னப் பிள்ளைகள் ஈயைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்களாம்.

சிறு வயதில் மாறுகண் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. ஏழு வயதில் ஆபரேஷன் செய்து நேராக்கினார்கள். போட்டோவில் நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கண்ணு நேராயிடுச்சு. ஆனா அதுக்குள்ள மூளை எடக்கண்ண ஒதுக்கி வெச்சுப் பழகிடுச்சு. ரெண்டு கண்ணும் தெறந்திருக்கும். ஒண்ணு சொல்றத மட்டும்தான் மூளை கேக்கும். அதான் உங்களுக்கு எல்லாம் தட்டையா இருக்கு. மத்தவங்களுக்கு வர்ற தலைசுத்தல் உங்களுக்கு வராததுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்."

இத்தனை வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன், படிக்கட்டு இறங்கியிருக்கிறேன் என்றேன். நிழலையும் அளவையும் வைத்துப் பழகிக்கொள்வார்களாம். "கெட்டிக்காரத்தனமா சமாளிச்சிருக்கீங்க" என்றார். பயிற்சி இருக்கிறதாம். இந்த வயதில் பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். சிலருக்குக் கிடைக்கிறதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் கைகளை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் பச்சைப் பயறு ஊறவைத்திருந்தேன், நீளமாக முளை விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஹரீஷிடம் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒரு வகையில நமக்கு இது நல்லதுதான்" என்றார். "ஆழத்த நிலோஃபர் பாத்துக்கட்டும். நீங்க மத்ததெல்லாம் பாருங்க. உங்கள மாதிரி நாள் முழுக்க உக்கார யாரால முடியும்? ஆனா வெளிய யாருக்கும் சொல்ல வேணாம். முப்பரிமாண விளையாட்ட டெஸ்ட் பண்றவங்களுக்கு முப்பரிமாணம் தெரியாதுன்னா, க்ளையன்ட் சிரிப்பான்."

அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே தலைசுற்றல் இருந்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டாராம்.

செப்டம்பர் 4, புதன்

பத்மநாபனின் மகள் ஆபீஸுக்குப் போன் செய்தாள். ஹரீஷ் இல்லை, நான்தான் எடுத்தேன். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அப்பாவுக்கு மூளையில ஏதாவது பிரச்சனையோன்னு ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. அவருக்கு இதுக்கு முன்னாடி தலைசுத்தலே வந்ததில்ல. உங்க ஆபீஸ்ல அவருக்குத் தலைசுத்தல் இருந்துச்சுன்னு சொல்றாங்க. ரெண்டு நாளா தூங்காம பயந்துபோயிருக்காரு. அன்னிக்கு என்னதான் ஆச்சு?"

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "படத்துலதான் தப்பு. எடது வலது மாறியிருந்துச்சு. அத நான்தான் பாத்து சரின்னு கொடுத்தேன். யார் மாட்டியிருந்தாலும் விழுந்திருப்பாங்க."

 பிறகு அவள் போனை விலக்கி, "அப்பா, உனக்கு ஒண்ணும் இல்லயாம்" என்று சொல்வது கேட்டது.

மாலையில் ஹரீஷிடம் நானே சொன்னேன். மேசையில் கையை அடித்தார். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்றார். யாரையும் கேட்கவில்லை. வெளியே அனுப்பிவிடுவார் என்று பையை எடுத்து வைத்துக்கொண்டேன். அனுப்பவில்லை. நாலாவது லெவல் காத்திருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பயிற்சி தொடங்கியாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் டாக்டரிடம். அங்கேயும் ஒரு ஹெட்செட்! மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. பாதிக் கட்டைகள் இடக்கண்ணுக்கு மட்டும் தெரியும், பாதி வலக்கண்ணுக்கு மட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் அடுக்க முடியும். வலக்கண் படத்தை மங்கலாக்கி இடக்கண் படத்தைப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள், சோம்பேறியை எழுப்புவதற்கு. எனக்குக் கட்டைகள் தோன்றித் தோன்றி மறைந்தன. எல்லா ஆட்டமும் தோற்றேன்.

காலையிலிருந்து ஆபீஸில் ஒரு ஹெட்செட், சாயங்காலம் இங்கே ஒன்று. முகத்தில் ஒரு தடத்தின்மேல் இன்னொரு தடம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டில் செய்ய ஒரு நூல் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று மணிகள். ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்துக்கொள்ள வேண்டும், மறு முனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். நடு மணியைப் பார்த்தால் நூல் இரண்டாகத் தெரிந்து மணியில் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரே நூல்தான். மறு முனையை அத்தை பிடிக்கிறார்.

"ரெண்டா தெரியுதா?"

"இல்ல அத்தை."

"நல்லா பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இளங்கோ போன் பண்ணானா?"

"வெள்ளிக்கிழமை பண்ணினார். நல்லா இருக்காராம்."

அத்தை நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "எங்கிட்ட நேத்து பேசினான்" என்றார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மணியைப் பார்க்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 21, சனி

ஆன்லைன் கடையிலிருந்து ஒரு பார்சல். இளங்கோவின் பெயருக்கு, ஆனால் நம் முகவரிக்கு வந்துவிட்டது. பிரித்துவிட்டேன். சிறுபிள்ளை மழைக்கோட்டு, மஞ்சள் நிறம், முதுகில் வாத்துப் படம். போன் செய்து கேட்டேன். ஆபீஸில் ஒருவரின் குழந்தைக்குப் பிறந்தநாளாம். ஓசூரில் மழை அதிகம்தான். அதே கவரில் திரும்ப ஒட்டிக் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஒட்டும்போது டேப் இரண்டு முறை தப்பான இடத்தில் விழுந்தது.

அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

நூல் இரண்டாகிவிட்டது! ஒரு கணம்தான்.

அக்டோபர் 7, திங்கள்

நூல் மட்டுமல்ல, இப்போது எல்லாமே அவ்வப்போது இரண்டு. இரண்டு பஸ் நம்பர், இரண்டு சாம்பார்க் கரண்டி. படிக்கட்டில் எந்தப் படி நிஜப்படி என்று காலால் தேடி இறங்குகிறேன். ஒதுக்கி வைத்த கண் பேச ஆரம்பித்திருக்கிறது, மூளைக்கு இன்னும் கேட்கத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். "இந்தக் கட்டத்துலதான் நெறைய பேர் விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார். விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. இந்த வயதில் ஈயின் றெக்கையைப் பிடித்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்ததும் அத்தை நூலோடு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நாள் முழுக்க மழை. வீட்டிலிருந்தே வேலை. துணி காயவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்று நாள் மழை விட்டு இன்று வெயில். சேர்ந்துபோன துணிகளை எல்லாம் பால்கனியில் மூன்று கொடியிலும் போட்டேன். அத்தையின் சேலை, என் சுடிதார், துண்டுகள். கிளிப் மாட்டிவிட்டுத் திரும்பும்போது என்னவோ ஆயிற்று.

சேலைக்கும் துண்டுக்கும் நடுவே இடம் இருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துண்டு பின்னால் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும், சேலை அதை மறைக்கிறதே. ஆனால் இன்று அந்த நடு இடம் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று நிற்கும் அளவுக்கு ஓர் இடம். அதற்குள் கையை விட்டேன். கை சேலையைத் தாண்டியது, துண்டைத் தொடவில்லை, நடுவில் இருந்தது. சேலை ஆடியபோது என் பக்கம் வந்துவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு கிளிப்பும் அதனதன் தூரத்தில் நின்றது.

"என்ன கண்ணு, ஈரத் துணிக்குள்ள கைய விட்டு அளைஞ்சுக்கிட்டிருக்க?" என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டார்.

 அவர் எழுந்து வந்து பார்த்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அவன் ஏதாச்சும் சொன்னானா?" என்றார். முதலில் அதைத்தான் கேட்டார்.

"இல்ல அத்தை. துணி... தனித்தனியா இருக்கு."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது, எல்லாம் பழையபடி. ஆனால் பார்த்தாகிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இளங்கோ வரவில்லை. லீவு இல்லையாம். அத்தை கொஞ்சம் முறுக்கு சுட்டார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். இப்போது அந்த ஆழம் தினமும் வருகிறது, காலையில் கொஞ்ச நேரம், களைப்பில்லாதபோது. முறுக்கில் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 11, திங்கள்

விளையாட்டு முழுதாக முடிந்துவிட்டது. அனுப்புவதற்குமுன் ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். ஹரீஷ் எனக்காகவே ஒரு நாளை ஒதுக்கியிருந்தார். இரண்டு வாரம் எனக்கு எழுத்து வேலைதான் இருந்தது, ஹெட்செட்டைத் தொடவில்லை.

காலையில் மாட்டினேன். பாலத்தின் நுனியில் நின்றேன். கீழே பார்த்தேன்.

என் உடம்பு பின்னால் போய்விட்டது. நாற்காலி இடித்தது. பள்ளம் இருந்தது. அடியில் ஆறு ஒரு நூல் மாதிரி. அதற்கும் எனக்கும் நடுவில் இருந்ததெல்லாம் வெறும் வெளி. மூக்குக்கு நேராக ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது, ஒதுக்கக் கையைத் தூக்கினேன். மூன்று வருடமாக இங்கே நின்றிருக்கிறேன், மதியம் என்ன சாப்பாடு என்று யோசித்துக்கொண்டு. ஒரு பலகை தாண்டினேன். இரண்டாவது பலகையில் பாலம் ஆடியது, வயிறு புரண்டது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலோஃபரின் குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தேன்.

நிலோஃபர் ஓடிவந்து முதுகைத் தடவினாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வாயில் ஓர் இஞ்சி மிட்டாயைத் திணித்தாள். "அக்கா, வந்துட்டீங்களா எங்க பக்கம்?"

"ரொம்ப நல்லா இருக்கு நிலோ, நீ பண்ணினது" என்றேன். அதை இதுவரை அவளிடம் நான் சொன்னதேயில்லை.

நவம்பர் 13, புதன்

இரண்டு நாளாக முயன்றும் என்னால் பதினைந்து நிமிடம் தாண்ட முடியவில்லை. ஹரீஷ் கூப்பிட்டார். மற்றவர்களைப்போல இடைவேளை விட்டுவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். இப்போது பிசகுகள் முன்பைவிட நன்றாகத் தெரிகின்றன, ஒரே காலையில் ஆறு கண்டுபிடித்தேன் என்றேன்.

"அதுக்கு எங்கிட்ட வேற ஆளுங்க இருக்காங்க தாமரை" என்றார். கெட்ட மனிதர் இல்லை, என் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்த மாதக் கடைசி வரை வரலாமாம். "அந்த வைத்தியம் செஞ்சுக்காமயே இருந்திருக்கலாம் நீங்க."

அவர் மேசையில் ஒரு பேனா ஸ்டாண்ட் இருந்தது. ஒவ்வொரு பேனாவும் ஒவ்வொரு தூரத்தில் நின்றது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இளங்கோ வந்தார். காரில், முன்னால் சொல்லாமல். அத்தையை ஓசூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். குளிர் காலம், அம்மாவுக்கு மாற்றமாக இருக்கும் என்றார். என்னைக் கூப்பிடவில்லை. காரின் பின்சீட்டில் மஞ்சள் மழைக்கோட்டு கிடந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அவர் எதிரே உட்கார்ந்து காபி குடித்தார். பத்து வருடமாகப் பார்த்த முகம். மூக்கு முன்னால் வந்திருந்தது, கண்கள் உள்ளே தள்ளி, மிகவும் களைத்து இருந்தன. ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கமாக இருந்தது. அவரும் இத்தனை மாதம் கதை சொல்லிச் சொல்லிச் சோர்ந்துதான் போயிருப்பார்.

அத்தை அறையிலிருந்து வந்தார். பை எடுத்து வரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசுடா?" என்றார்.

இளங்கோ காபித் தம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நாலு" என்றார். "அப்பா இல்லாத புள்ளைம்மா. நான்தான்..." 

"நல்லா வெச்சுக்க. நான் வரல."

"அம்மா, இங்க எப்படி நீ..."

"நான் வரலன்னு சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்லி உதவுவேன் என்று எதிர்பார்த்தார். இவ்வளவு நாளும் அவருக்காகப் பதில் சொன்னவள் நான்தானே.

"இனிமே இங்க வர வேணாம் இளங்கோ" என்றேன். "பேச வேண்டியது இருந்தா போன்ல பேசிக்கலாம்."  

கார் போன சத்தம் கேட்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. பிறகு அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "நான் இங்கயே இருக்கலாமா தாமரை?"

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிடுவது அபூர்வம். அனுமதி கேட்பவர் குரலில் கேட்டார். 

"குழம்பு ஆறுது அத்தை, வாங்க" என்றேன்.

சாப்பிட்டோம். அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

எழுதிவிடுகிறேன். இளங்கோ இனி வரமாட்டார். ஓசூரில் அவருக்கு ஒரு வீடும், ஒரு பெண்ணும், நாலு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். குக்கர் போன நாளிலேயே எனக்குத் தெரியும்.

நாளை காஸ் பதிய வேண்டும். இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. அதை மாற்ற என்ன வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்க வேண்டும்.